பனிக்குள் கத்திய ஆள்காட்டி

அந்தக் காலையில் கழுவெளிச் சதுப்பின் கரையில் நின்றபோது என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மின்கம்பம். அதுவும் பாதிதான். மேல்பாதியைப் பனி விழுங்கியிருந்தது.

மார்கழி முடியப் போகிற நேரம். திண்டிவனத்திலிருந்து பைக்கில் வந்த வழி முழுக்க, பின்னால் உட்கார்ந்திருந்த தட்சிணாமூர்த்தி கையை நீட்டி என் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தான். துடைத்த கையை எடுப்பதற்குள் மறுபடியும் வெள்ளை. நானும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த லைன்மேன்கள். அத்தனை வருஷமாக ஒருவன் கம்பத்தில் ஏறினால் மற்றவன் கீழே கயிறு பிடிப்பான்.

சேறும் உப்பும் அழுகிய கோரையும் கலந்த வாசனை வந்தது. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“இன்னாடா ஏழுமல, இதுக்குள்ளயா போவணும்?” என்றான் தட்சிணா.

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. கரண்ட் போன அக்கரை ஊரிலிருந்து விஜயா.

“அண்ணா, கெளம்பிட்டீங்களா? இன்வர்ட்டர்ல ரெண்டு கோடுதான் காட்டுது.”

“கரையில நிக்கிறோம்மா. வந்துக்கினே இருக்கோம்.”

“ஜல்தி வாங்கணா.”

அவள் பேசிய அந்த அரை நிமிஷத்திலும் பின்னால் அவள் வீட்டு ஆக்சிஜன் மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புஸ்... டப். புஸ்... டப்.

போனைப் பையில் போட்டேன். அப்போது பனிக்குள் எங்கிருந்தோ ஒரு பறவை எங்களைத் திட்ட ஆரம்பித்தது.

கம்பியில் உட்காராத பறவை

போன வாரம் பனமலை ஏரிக்கரையில் இடி விழுந்த டிரான்ஸ்பார்மரைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர் ஒருவர், “லைன்மேனுக்குக் கம்பியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாதா?” என்று கேட்டார்.

படும். கம்பியில் வந்து உட்காருவதெல்லாம் படும். கரிச்சான், மைனா, பனங்காடை, மீன்கொத்தி. லைன் பார்த்துக்கொண்டு தனியாக நடக்கும்போது தலைக்கு மேலே எனக்குத் துணை அவைதான்.

ஆள்காட்டி மட்டும் கம்பிக்கு வராது. மரத்துக்கும் வராது. அதற்குத் தரைதான் எல்லாம். நெட்டையான மஞ்சள் கால், கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு துண்டுச் சதை. முதுகு காய்ந்த மண்ணின் நிறம். அசையாமல் நின்றால் கொல்லையில் ஒரு மண்கட்டி கூடுதலாகக் கிடக்கிறது என்றுதான் நினைப்போம். எழுந்து பறக்கும்போதுதான் இறக்கையின் வெள்ளை பளிச்சென்று தெரியும்.

பெயருக்கேற்ற குணம். ஆள் வந்தால் ஊரைக் கூட்டிவிடும். நாயாவது இரண்டு தடவை பார்த்தால் நம் காக்கிச் சட்டைக்குப் பழகிவிடும். ஆள்காட்டிக்கு லைன்மேனும் திருடனும் ஒன்றுதான்.

கெடாரில் எங்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு ஜோடி உண்டு. என் மனைவி களை வெட்டக் குனிந்தால் போதும், தலைக்கு மேலே வட்டம் போட்டுக் கத்தும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நிமிர்ந்து, “இந்தக் கொல்லைக்காரியே நான்தான்டி! நீ யாருடி என்னைக் கேக்கறதுக்கு?” என்று களைவெட்டியை ஆட்டி அவள் சண்டை போட்டதை நான் வரப்பில் நின்று பார்த்தேன். சண்டையில் ஜெயித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. அவள் அந்த மூலையை விட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

ஜல்லிக்குள் நாலு முட்டை

அந்தப் பறவையை நான் மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தது கோமதி மேடத்தால்.

அவர் எங்கள் சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். எந்த லைனில் கரண்ட் ஓடணும், எது நிற்கணும் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. சப்ஸ்டேஷன் யார்டு முழுக்கக் கருங்கல் ஜல்லி பரப்பியிருக்கும். ஒரு கோடையில் அந்த ஜல்லியில் ஓர் ஆள்காட்டி முட்டை வைத்தது.

கூடு என்று எதுவும் கிடையாது. மார்பால் ஜல்லியைக் கொஞ்சம் ஒதுக்கிய பள்ளம், அவ்வளவுதான். அதில் நாலு முட்டை, கூர்முனை எல்லாம் உள்பக்கம் பார்த்தபடி. மண் நிறத்தில் கறுப்புத் தீற்றல்.

“எங்க மேடம் முட்டை?” என்று நான் கேட்டேன்.

“அண்ணா, அசையாதீங்க. உங்க காலுகிட்டதான் இருக்குது.”

குனிந்து பார்த்தேன். தெரியவில்லை. அவர் கையை நீட்டிக் காட்டிய பிறகும் கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு சட்டென்று நாலு ஜல்லி நாலு முட்டையாக மாறியது. நான் காலை வைக்க இருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி.

கோமதி மேடம் உடைந்த இன்சுலேட்டர்களைப் பொறுக்கி வந்து சுற்றிலும் நாலு மூலையில் அடையாளம் வைத்தார். கத்திரி வெயில். ஜல்லியில் வெறுங்கால் வைத்தால் கொப்பளிக்கும். தாய்ப்பறவை என்ன செய்தது தெரியுமா? கன்ட்ரோல் ரூம் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தேங்கிய இடத்துக்கு ஓடும். வயிற்று இறகை நனைத்துக்கொள்ளும். ஓடி வந்து முட்டைமேல் உட்காரும். காய்ந்ததும் மறுபடியும் ஓடும். உச்சி வெயில் முழுக்க இதே வேலை. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மேடம் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் ஆயில் பேரல் ஏற்றி வந்த லாரி யார்டுக்குள் ரிவர்ஸில் வந்தது. பறவை பறக்கவில்லை. பின்சக்கரத்துக்கு நேராக எழுந்து நின்று இரண்டு இறக்கையையும் விரித்தது. மேடம் ஓடிப்போய் லாரியை அறைந்து நிறுத்தினார். டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். சக்கரத்தின் பாதி உயரம்கூட இல்லாத ஒரு ஜீவன், சக்கரத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவர் ஏறி வண்டியை முன்னால் எடுத்து, வாசலிலேயே பேரல்களை இறக்கினார்.

குஞ்சு பொரித்த அன்றைக்கே நாலும் நடக்க ஆரம்பித்துவிட்டன. கோடை மழையில் யார்டில் தண்ணீர் தேங்கியபோது, தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு மூலையிலிருந்த மண்மேட்டுக்குப் போய்விட்டது.

அக்கரை வீடு

சரி, கழுவெளிக்கு வருகிறேன்.

விஜயாவின் கணவர் முருகேசனுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. என்னைவிட வயதில் சின்னவர். சின்ன வயதிலிருந்து கழுவெளியில் மீனும் இறாலும் பிடித்தவர். இப்போது மூக்கில் குழாயோடு கட்டிலில். மெஷின் ஓடினால் அவருக்கு மூச்சு, நின்றால் திணறல். அந்த வீட்டு நிலைமை தெரிந்ததால் என் நம்பரை விஜயாவிடம் நானே கொடுத்திருந்தேன்.

அன்று விடியும்போது அந்த ஊருக்குக் கரண்ட் போனது. கோமதி மேடம் இரண்டு தபா லைனில் கரண்ட்டை ஏற்றிப் பார்த்தார். இரண்டு தபாவும் பிரேக்கர் தூக்கி அடித்து கரண்ட் நின்றது. கழுவெளிக்குள் போகிற லைனில் எங்கோ கோளாறு. உப்புக்காற்றும் பனியும் சேர்ந்தால் கம்பத்தின் உச்சியில் இருக்கிற பீங்கான் இன்சுலேட்டர் சில சமயம் வெடித்துவிடும். எந்தக் கம்பத்தில் என்பதை நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் மழைக்காலத்தில் இடிந்த சிறுபாலம் அந்த ஊர்ச் சாலையில் அப்படியே கிடந்தது. பைக் மட்டும்தான் தாண்டும். ஆம்புலன்ஸ் பனியில் ஊர்ந்து வந்தாலும் பாலத்தோடு நிற்கும். அவரைக் கட்டிலோடு தூக்கி வர வேண்டும். மெஷின் இல்லாமல் அந்தத் தூரத்தை அவர் தாங்குவாரா என்று விஜயாவுக்குப் பயம். எனக்கும்தான்.

“லைன ஆஃப் பண்ணிப் பூட்டிட்டேன்ணா. சாவி என் கையிலதான் இருக்குது. நீங்க சொல்ற வரைக்கும் ஏத்தமாட்டேன்,” என்றார் கோமதி மேடம் போனில். அந்த வார்த்தையை நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் எங்கள் உயிர் கம்பத்தில் ஏறுகிறது.

நாங்கள் தண்ணீரில் இறங்கினோம்.

வெள்ளைக்குள்

முதல் ஐந்து கம்பம் வரை பிரச்சினை இல்லை. ஒன்றின் காலைத் தொட்டுவிட்டு நேராக நடந்தால் அடுத்தது. ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்து மேலே பார்த்தோம். சரியாக இருந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஓர் ஓடை உண்டு. ஆள் முழுகும் ஆழம். வெயில் நாளில் இடதுபக்கமாகச் சுற்றிப் போய் மறுபடியும் லைனைப் பிடித்துக்கொள்வோம். அன்றும் சுற்றினோம். சுற்றி முடித்ததும் லைன் இல்லை. மேலே பார்த்தால் வெள்ளை. முன்னால், பின்னால், எங்கும் வெள்ளை. போனில் மேப்பைத் திறந்தேன். நீல நிறத்துக்கு நடுவில் ஒரு புள்ளியாக நாங்கள் இருந்தோம். கம்பங்கள் அதில் இல்லை.

பல வருஷம் அங்கே நடந்ததில் எனக்கு ஒன்று பழகியிருந்தது. கழுவெளியில் எவ்வளவு ஆழம் என்று பறவையின் காலைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஈரச் சேற்றில் குட்டிக் காலோடு உப்புக்கொத்தி ஓடும். கணுக்கால் தண்ணீரில் உள்ளான் மேயும். அதற்கும் உள்ளே, சிவப்புக் குச்சி மாதிரிக் காலோடு நெடுங்கால் உள்ளான். பூநாரை நின்றால் நமக்குத் தொடை வரைக்கும்கூட இருக்கலாம். பூமி பறவைகளை உயரவாரியாக நிறுத்திவைத்த மாதிரி இருக்கும். ஆனால் அதற்குக் கண் தெரிய வேண்டுமே.

கேட்கத்தான் முடிந்தது. சுற்றிலும் சத்தம். மெல்லிய விசில்கள், கொப்பளிப்பு, ஆயிரம் சின்ன மூக்குகள் சேற்றை உறிஞ்சுகிற ஓசை. நாங்கள் நடந்தால் நிற்கும். நாங்கள் நின்றால் தொடங்கும்.

திடீரென்று தலைக்கு மேலே காற்று கிழிந்தது. ஒரு கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. ஒரு இறகுகூடக் கண்ணில் படவில்லை. இறக்கைக் காற்று மட்டும் முகத்தில் அடித்தது. பனி மழைபோல் சொட்டியது. அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை பறவை இருந்தால் அத்தனை நேரம் ஆகும்? தட்சிணா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

அடுத்த அடியில் அவன் இறங்கிவிட்டான். இடுப்பு வரை சேறு.

“ஏழுமல... காலு கீழ எட்டல.”

அவன் குரலில் அந்தப் பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கயிற்றை அவன் அக்குளுக்குக் கீழே போட்டு, நான் மல்லாந்து படுத்து இழுத்தேன். சேறு அவனை விட மனசில்லாமல் விட்டது. ஒரு செருப்பு உள்ளேயே போயிற்று. இரண்டு பேரும் தண்ணீரில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். கடிகாரம் ஏழைத் தாண்டிக்கொண்டிருந்தது. திரும்பிப் போவதென்றாலும் எந்தப் பக்கம் திரும்புவது?

கத்து, இன்னும் கத்து

போன் அடித்தது. கோமதி மேடம்.

“எந்தப் போஸ்ட்ல இருக்கீங்கண்ணா?”

“தெரியல மேடம். லைன உட்டுட்டோம். ஒண்ணுமே தெரியல.”

“பின்னாடி சத்தம் கேக்குதே, ஆள்காட்டி கத்துதா?” என்று கேட்டார்.

கத்திக்கொண்டுதான் இருந்தது. கரையில் ஆரம்பித்ததிலிருந்து விடாமல் எங்களைத் திட்டிக்கொண்டே வந்ததில், எங்கள் காது அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிட்டது.

“ஆமா மேடம். பேஜாரு புடிச்சது, உடவே மாட்டேங்குது.”

“அது தண்ணிக்குள்ள நிக்காதுண்ணா. அது எங்கயோ ஈரமில்லாத தரையில நிக்குது.”

கழுவெளிக்கு நடுவில் ஈரமில்லாத தரை ஏது? நானும் தட்சிணாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கம்பம் சேற்றில் சாயாமல் இருக்க, ஒவ்வொரு கம்பத்தின் காலடியிலும் கல்லும் மண்ணும் கொட்டி மேடு போட்டிருக்கிறோம். நாங்களே கூடை சுமந்து போட்ட மேடு. அந்தத் தண்ணீருக்குள் காய்ந்த தரை என்றால் அது ஒன்றுதான்.

“வலது பக்கம்,” என்றான் தட்சிணா.

கத்துகிற திசையைப் பார்த்து நடந்தோம். நெருங்க நெருங்கக் கத்தல் கூடியது. காதுக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று எழுந்து பறந்தது. என் முழங்கால் கல்லில் இடித்தது. கையை நீட்டினேன். சிமென்ட் கம்பம். ஜில்லென்று இருந்தது. கன்னத்தை அதில் வைத்துக்கொண்டேன்.

டார்ச் அடித்துக் கம்பத்து நம்பரைப் பார்த்தோம். அது ஆறாவது. மேலே கோளாறு இல்லை. அதற்குள் முன்னால் வெள்ளைக்குள்ளிருந்து மறுபடியும் திட்டு. பறந்து போன பறவை அடுத்த மேட்டில் இறங்கிவிட்டது. வேறு எங்கே இறங்கும்?

அது எங்களை விரட்டியது. நாங்கள் அதன் பின்னால் போனோம். ஏழாவது. எட்டாவது. ஒவ்வொரு மேட்டிலும் நாங்கள் வந்து சேர்ந்ததும் வெறுத்துப்போய் எழுந்து அடுத்ததற்குப் போனது. தன் இடத்துக்குள் நுழைந்த இரண்டு திருடர்களைத் துரத்துவதாகத்தான் அது நினைத்திருக்கும். தட்சிணா ஒற்றைச் செருப்போடு, “கத்தும்மா, இன்னும் கொஞ்சம் கத்து,” என்று கெஞ்சிக்கொண்டே வந்தான்.

ஒன்பதாவது மேட்டில் கருகல் வாசனை அடித்தது. காலடியில் பீங்கான் சில்லுகள் கிடந்தன.

மேலே

ஏறியது நான்தான். தட்சிணாவின் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. லைனில் மிச்சக் கரண்ட் இருந்தால் மண்ணுக்கு இறங்க, எர்த் கம்பியை இரண்டு பக்கமும் மாட்டினோம். கயிற்றுச் சுருக்கில் கால் வைத்து, இடுப்பு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறினேன். கீழே தட்சிணா மறைந்தான். கொஞ்ச தூரம் வெறும் வெள்ளைக்குள் நான் மட்டும்.

பிறகு என் தலை பனிக்கு வெளியே வந்தது.

பனி கீழே நின்றுவிட்டது. பஞ்சை விரித்த மாதிரி கண் எட்டும் தூரம் வரை தட்டையாகக் கிடந்தது. அதற்கு மேலே நீல வானமும் சிவந்த சூரியனும். வரிசையாகக் கம்பங்களின் தலைகள் மட்டும் வெள்ளையிலிருந்து எட்டிப் பார்த்தன.

வேலையைப் பார்த்தேன். உடைந்த இன்சுலேட்டரைக் கழற்றினேன். கம்பி இரும்புச் சட்டத்தில் படிந்து கிடந்தது. தட்சிணா கயிற்றில் கட்டி அனுப்பிய புதியதை மாட்டி, கம்பியைத் தூக்கி வைத்து, கட்டுக்கம்பியால் சுற்றினேன். விரல் விறைத்திருந்தது. கடைசி முறுக்கைக் குறடால் இறுக்கிவிட்டு, கீழே இறங்கப் பார்த்தேன்.

அப்போது பனி ஓரிடத்தில் கிழிந்தது. கிழிசலுக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், அந்த வானத்தின்மேல் கால்கள்.

கிழிசல் அகலமானது. கால்களுக்கு உடம்பு வந்தது. நெடுங்கால் உள்ளான்கள், கறுப்பு இறக்கையை மடித்து, ஒவ்வொன்றும் தன் நிழலின் மேல் நின்றன. அவற்றுக்கு அப்பால் மூக்கான்கள், நீண்ட மூக்கை வேர் வரை சேற்றில் குத்தியபடி நெருக்கியடித்து நின்றன. தரையே தெரியவில்லை. சேற்று விளிம்பில் உப்புக்கொத்திகளா கூழாங்கல்லா என்று சொல்ல முடியாத பொடிப் பறவைகள் ஓடின, நின்றன, ஓடின. எல்லாவற்றுக்கும் பின்னால், பனி கடைசியாக விலகிய இடத்தில், பூநாரைகள். சூரியன் அவற்றின்மேல் பட்டபோது தண்ணீரின் அந்த ஓரம் முழுக்க இளஞ்சிவப்பானது.

கல்லெறி தூரத்தில் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் தடுமாறி நடந்த நேரமெல்லாம், தட்சிணா சேற்றில் இறங்கிக் கத்திய நேரமெல்லாம், இத்தனை ஆயிரம் கண் எங்களைச் சுற்றி இருந்திருக்கிறது. சிலது பனி உறைகிற தேசங்களிலிருந்து வந்தவை. என் கைப்பிடிக்குள் அடங்குகிற உடம்பு, மலைகளைத் தாண்டி, இந்தச் சேற்றை மறக்காமல் தேடி வந்து நிற்கிறது. நான் கும்பிட்டேனா என்று நினைவில்லை. கையில் குறடு இருந்தது.

ஒரு சேற்றுப்பருந்து தாழப் பறந்து வந்தது. அவ்வளவுதான். மூக்கான் கூட்டம் மொத்தமும் எழுந்தது. ஒரே விரிப்பாக எழுந்து, திரும்பும்போது பழுப்பு, இன்னொரு பக்கம் திரும்பும்போது வெள்ளை. அந்தச் சத்தத்தில் கம்பம் என் கைக்குள் அதிர்ந்தது.

“இன்னாடா, முடிஞ்சுதா?” கீழேயிருந்து தட்சிணா.

“இல்ல. இரு,” என்றேன்.

முடிந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் ஒரு வட்டம் சுற்றி வந்து, அதே இடத்தில், ஒரு துப்பட்டி தரையில் விழுவதுபோல இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இறங்கினேன். எர்த் கம்பிகளை எடுத்தோம். கம்பத்தை விட்டுத் தள்ளி நின்றோம்.

“மேடம், ரெண்டு பேரும் விலகிட்டோம். ஏத்துங்க.”

தலைக்கு மேலே கம்பி லேசாக முனகியது.

“இந்தத் தபா அடிக்கலண்ணா, லைன் ஓடுது!” கோமதி மேடம் கிட்டத்தட்டக் கத்தினார்.

உடனே விஜயாவைக் கூப்பிட்டேன். எடுத்தாள். அழுதுகொண்டிருந்தாள். “வந்துடுச்சுணா. மெஷின் ஓடுது. ரெண்டு நிமிஷம் மின்னாடி இன்வர்ட்டர் நின்னுடுச்சு. மூச்சு இழுக்கறாரு, நான் விசிறிக்கினே இருக்கேன், இன்னா பண்றதுன்னே தெரியல... இப்ப பரவால்ல. கண்ணத் தொறந்துட்டாரு.”

ரெண்டு நிமிஷம் முன்னாடி.

நான் மேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

முருகேசன் கேட்டது

வேலை முடிந்தும் மேலே பறவை பார்த்துக்கொண்டு நின்றதைத் தட்சிணாவிடம்கூடச் சொல்லவில்லை. ஊரே என்னைப் பாராட்டியது. டீக்கடையில் காசு வாங்கவில்லை. பாராட்டு ஒவ்வொன்றும் என்னைக் குத்தியது. நான் பறவை பார்க்காமல் உடனே இறங்கியிருந்தால், முருகேசன் மூச்சுக்குத் தவித்த அந்த இரண்டு நிமிஷம் இருந்திருக்காது.

பொங்கல் கழிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். முருகேசன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விஜயா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். வேலை முடிந்தது, பனி விலகியது, தட்சிணா கேட்டான், நான் பொய் சொன்னேன்.

விஜயாவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முருகேசன் கொஞ்ச நேரம் மெஷினைப் பார்த்தார். அவர் ஒரு வாக்கியம் பேச இரண்டு மூச்சு வேண்டும்.

“கஷ்டமாத்தான் இருந்துச்சு,” என்றார். “செத்துடுவேன்னு நெனச்சேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“மூக்கான்... எவ்ளோ இருக்கும்?”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கண் என்மேலேயே இருந்தது.

“எண்ண முடியாது முருகேசா. தரையே தெரியல.”

“நான் தண்ணிக்குப் போயி மூணு வருஷம் ஆவுது,” என்றார். “எங்கூட்டு ஜன்னல்லேர்ந்து செவுருதான் தெரியுது. மொதல்லேர்ந்து சொல்லு.”

முதலிலிருந்து சொன்னேன். காலில் ஆரம்பித்து, கிழிசல் கிழிசலாக, கடைசியில் அந்தக் கூட்டம் தரையிறங்கியது வரைக்கும். நடுவில் அவர், “தெக்கயா, வடக்கயா?” என்று கேட்டார். “தண்ணி எவ்ளோ ஏறியிருந்துச்சு?” என்று கேட்டார். சொல்லி முடித்தபோது கதவோரம் விஜயா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. இரண்டு டம்ளர் டீயை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போனாள்.

மன்னித்தாளா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

நாலு நாள் கழித்து, காலையில் அவள் நம்பரிலிருந்து வீடியோ கால் வந்தது. கரண்ட் போய்விட்டது என்று பதறி எடுத்தேன். திரையில் மூன்று கட்டம். ஒன்றில் என் முகம். ஒன்றில் மூக்குக் குழாயோடு முருகேசன். மூன்றாவதில் ஆடிக்கொண்டே இருக்கிற தண்ணீர். விஜயா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழுவெளிக்குள் இறங்கியிருந்தாள்.

“தெரியுதா? ஏய், தெரியுதா?” என்று அவரைக் கேட்டாள். “அண்ணா, நீங்களும் இருக்கீங்க இல்ல?”

“இருக்கேம்மா.”

“கொஞ்சம் எடப்பக்கம் திருப்பு,” என்றார் முருகேசன். “அங்க. நில்லு, நில்லு. கிட்ட போவாத. பறந்துடும்.”

“நின்னுட்டேன்.”

“கைய ஆட்டாத.”

“ஆட்டல.”

படம் மெல்ல அசைவை நிறுத்தியது. தூரத்தில், அரிசி அளவுக்கு, நூற்றுக்கணக்கில் மூக்கான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முருகேசன் முகத்தைப் போனுக்கு வெகு அருகில் கொண்டுவந்தார். அவர் கட்டத்தில் ஒரு கண் மட்டும்தான் தெரிந்தது.